கரடித் தோல் பதனிடுதல்: முதல் தோலோடு இறங்குபவர்களுக்கு

மான் தோலைப் பதனிட்டுக் கைபழகியவர்கள்கூடக் கரடித் தோலில் முதல் நாளே திணறுவார்கள். மானுக்குத் தோலடியில் மெல்லிய சவ்வுதான். கரடிக்கோ, அதிலும் குளிர்கால உறக்கத்துக்கு உடம்பை நிரப்பிக்கொள்ளும் இலையுதிர்காலக் கரடிக்கு, விரற்கடை விரற்கடையாகக் கொழுப்பு ஏறியிருக்கும். அந்தக் கொழுப்பு சூட்டை வெளியே விடாது, உப்பை உள்ளே விடாது, பதமேற்றும் மருந்தையும் தோலுக்குள் விடாது. இந்த வேலையில் கெட்டுப்போகிற தோல்களில் பெரும்பாலானவை கொழுப்பை அசட்டை செய்ததால் கெட்டவைதான். கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் அதைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முதலில் சட்டம். கரடி வேட்டை பல நாடுகளில் முழுத் தடை. இந்தியா அதில் ஒன்று. அனுமதி இருக்கும் அமெரிக்கா, கனடா போன்ற இடங்களிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உதாரணமாக அலாஸ்காவில் பழுப்புக் கரடியைக் கொன்றால் பொதுவாக 30 நாட்களுக்குள் தோலையும் மண்டையோட்டையும் வனவிலங்குத் துறையிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வயதைக் கணிக்க அவர்கள் ஒரு சிறு பல்லையும் பிடுங்கிக்கொள்வார்கள். உறைந்த தோலை அங்கே ஏற்பதில்லை. ஆகவே முத்திரைக்கு முன்பே உறையவைத்துவிட்டால் மறுபடி உருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சில இடங்களில் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு தோலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. தெரியாமல் வெட்டி எறிந்துவிட்டால் அபராதம். அமெரிக்கக் கருங்கரடி 1992 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டித் தோலை எடுத்துப் போவதானால் அதற்குரிய அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் சில மணி நேரம்

உயிர் போன நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கரடியின் ரோமம் தடித்த கம்பளி. அதற்கடியில் கொழுப்பு இன்னொரு கம்பளி. வெளியே காற்று சில்லென்று இருந்தாலும் உள்ளே உடம்பு பல மணி நேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர்கள் பெருகி மேல்தோலையும் முடி வேரையும் தின்னத் தொடங்கும். அப்படிக் கெட்ட தோலைப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, எல்லா வேலையும் முடிந்த பிறகு, வயிற்றில் தடவினால் முடி கொத்தாகக் கையோடு வரும். தொழிலில் இதை முடி கழலுதல் என்கிறோம். வயிறு, கவட்டி, காது, உதடு, பாதம் ஆகியவைதான் முதலில் போகும். கழன்ற முடியைத் திரும்ப ஒட்டவைக்க எந்த மருந்தும் இல்லை.

என்னுடைய முதல் தோலில் இரண்டு காதுகளின் பின்புறமும் இப்படித்தான் போனது. "இருட்டிவிட்டது, குளிராகத்தானே இருக்கிறது, காலையில் உரித்துக்கொள்ளலாம்" என்று விட்டதன் பலன். இருட்டானால் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு உரியுங்கள்.

உரித்த தோலை முடி கீழே, சதைப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் விரித்துப் போட்டு ஆறவிடுங்கள். வெயில் படக் கூடாது. கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கிவிடும். சூடாக இருக்கும் தோலைச் சுருட்டி பிளாஸ்டிக் பையில் திணிப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான். ரத்தம் பட்ட ரோமத்தைக் குளிர்ந்த நீரில் உடனே அலசுங்கள். காய்ந்தால் கறை போவது கஷ்டம்.

இன்னொரு விஷயம்: கையுறை. கரடி இறைச்சியில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். வடபுலத்துக் கரடிகளிடம் காணப்படும் ஒரு வகை உறையவைத்தாலும் சாவதில்லை. அது தசையில் இருப்பது, வாய்வழியே தொற்றுவது. தோல் வேலை செய்த கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், அந்தக் கத்தியைச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ரோமத்தில் உண்ணிகளும் இருக்கும்.

உரித்தல்

தரைவிரிப்பாகவோ சுவரில் தொங்கவிடவோ வேண்டுமானால், மார்பிலிருந்து வால் வரை வயிற்றின் நடுக்கோட்டில் ஒரு வெட்டு. அப்புறம் ஒவ்வொரு காலிலும் பாதத்திண்டிலிருந்து உள்பக்கமாக நடுக்கோடு வரை ஒரு வெட்டு. கத்தி முனையைத் தோலுக்குள் நுழைத்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி உள்ளிருந்து வெளியே அறுங்கள். அப்படிச் செய்தால் தோல் மட்டும் அறும், முடி அறாது. கால் வெட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இங்கே கோணினால் விரித்துப் போடும்போது கரடி ஒரு பக்கம் நொண்டுவதுபோல் தெரியும்.

பாதத்தில் விரல்களின் கடைசி மூட்டில் பிரித்து, நகம் தோலோடு வரும்படி விடுங்கள். மற்ற விரலெலும்புகளையும் சதையையும் முழுக்க எடுத்துவிட வேண்டும்.

முகம்தான் சிக்கல். காதை உள்ளிருந்து குருத்தெலும்பைப் பிரித்துக் கையுறையைப் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். உதட்டின் உள்தோலையும் வெளித்தோலையும் பிளந்து நடுவில் உள்ள சதையை எடுக்க வேண்டும். இமையும் மூக்கும் அப்படியே. பழக்கமில்லாதவர் கண்ணோரத்தில் ஒரு கீறல் போட்டால் அது கடைசிவரை தெரியும். முகத்தோடு பாடம் செய்யும் எண்ணம் இருந்தால், தலையைக் கழுத்து மூட்டில் பிரித்துத் தோலோடேயே விட்டு, பாடம் செய்பவரிடம் சீக்கிரமாகக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழுப்பைச் சுரண்டுதல்

முழு வேலையில் பாதி இதுதான். வழவழப்பான உருண்டை மரக்கட்டை ஒன்றை இடுப்புயரத்தில் சாய்த்து நிறுத்தி, தோலை முடி கீழே இருக்கும்படி அதன்மேல் போட்டு, இரண்டு முனையிலும் கைப்பிடி உள்ள நீண்ட கத்தியால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளிச் சுரண்ட வேண்டும். கட்டையில் முண்டோ பிளவோ இருந்தால் அந்த இடத்தில் தோல் கிழியும். தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சுள்ளி சிக்கியிருந்தாலும் அதே கதி. ஆகவே ரோமத்தை முதலில் சீவிச் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கழுத்திலிருந்து வாலை நோக்கிப் போங்கள். மேல் கொழுப்பு அடை அடையாகக் கழன்று வரும், அதுவரை உற்சாகம்தான். அதற்கடியில் வெள்ளைச் சவ்வு இருக்கும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சவ்வும் போய், அடியில் தோலின் நீலம் கலந்த வெண்மை தெரிய வேண்டும். விரலால் தேய்த்தால் பிசுக்கு வரக் கூடாது. பின்புறமும் முதுகும் எளிது. கக்கம், கவட்டி, பாதம் மெனக்கெடுத்தும். அறை குளிர்ச்சியாக இருந்தால் கொழுப்பு கெட்டியாக இருக்கும், சுரண்ட வரும். வெதுவெதுப்பானால் எண்ணெயாக வழுக்கும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் முடிந்த பகுதியைக் காயவிடாமல் குளிர்ந்த இடத்தில் மூடி வையுங்கள்.

விட்டுவைத்த கொழுப்பு என்ன செய்யும்? முதலில் உப்பைத் தடுக்கும். பிறகு நாட்பட நாட்படக் காற்றோடு சேர்ந்து கெட்டு, தோலின் நாரையே அரித்துவிடும். சில வருடம் கழித்து அந்த இடம் மட்டும் மஞ்சளாகி, மடித்தால் அட்டைபோல் ஒடியும். கொழுப்புச் சூடு என்று இதைச் சொல்வார்கள்.

சுரண்டிய கொழுப்பை வீட்டுப் பக்கத்தில் கொட்டாதீர்கள், இன்னொரு கரடி விருந்துக்கு வரும். சுத்தமான பகுதியை மெதுவாக உருக்கி வடிகட்டினால் காலணிக்கும் குதிரைச் சேணத்துக்கும் பூச நல்ல நெய் கிடைக்கும்.

உப்பு

அயோடின் சேர்க்காத தூள் உப்பு. கல்லுப்பு வேண்டாம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடம் உப்புப் படாமல் தப்பித்துவிடும். தோலின் எடைக்குச் சமமான எடை உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சதைப்பக்கம் முழுக்கக் கொட்டிக் கையால் தேய்த்து ஏற்றுங்கள். ஓரம், காதின் உட்புறம், உதட்டுப் பிளவு, விரலிடுக்கு எதையும் விடக் கூடாது. தோல் சற்றுச் சாய்வாகக் கிடக்கட்டும், வடியும் நீர் ஓடிவிட வேண்டும். ஒரு நாள் கழித்து நனைந்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. மறுபடி ஒரு நாள். பிறகு உதறி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் கெட்டியாக உலர்ந்துவிடும். இந்த நிலையில் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் பல மாதம் தாங்கும்.

உடனே வேலை செய்ய நேரமில்லையென்றால் ஃபிரீசர் ஒரு வழி. ஆனால் உப்புப் போட்டபின் ஃபிரீசர் கூடாது: உப்பேறிய தோல் சரியாக உறையாமல் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். உறையவைப்பதானால் பச்சைத் தோலை நன்றாக ஆறவைத்து, சதைப்பக்கம் சதைப்பக்கத்தோடு சேரும்படி மடித்து, இறுகலாக இல்லாமல் சுருட்டி வையுங்கள். பெரிய உருண்டையாகச் சுருட்டினால் நடுப்பகுதி உறைய இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் அங்கே முடி கழன்றிருக்கும்.

ஊறவைத்தல், கழுவுதல்

உலர்ந்த உப்புத்தோலை மீண்டும் பச்சைத் தோலாக்க வேண்டும். லிட்டருக்கு 120 கிராம் உப்பு கரைத்த குளிர்ந்த நீரில் போடுங்கள். சில மணி நேரத்தில் இளகிவிடும், இளகியதும் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும் என்று விடாதீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவச் சோப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் அலசல். கையால் தொட்டால் சூடு தெரியாத அளவு போதும், கொதிநீர் தோலைச் சுருக்கிவிடும். நீர் கலங்கலாக, மேலே எண்ணெய் மிதக்க வரும். கொட்டிவிட்டு மறுபடி. கரடிக்கு ஒரு தடவை போதாது.

அமில ஊறல்

பதனிடுதலின் முதுகெலும்பு இது. உப்பும் அமிலமும் கலந்த நீரில் பல நாள் ஊறும்போது நுண்ணுயிர்கள் செத்து, நாருக்கு நடுவில் உள்ள தேவையில்லாத புரதங்கள் கரைந்து, பதமேற்றும் பொருள் உள்ளே நுழைய வழி திறக்கும்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியே போதும். இரும்போ அலுமினியமோ வேண்டவே வேண்டாம். தோல் தாராளமாகப் புரளும் அளவு நீர் ஊற்றி, லிட்டருக்கு 120 கிராம் உப்பை முதலில் கரையுங்கள். அதன்பிறகே அமிலம். சிட்ரிக் அமிலம் வாசனையில்லாதது, வீட்டில் கையாள எளிது. லிட்டருக்குச் சுமார் 22 கிராம். அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. உப்பில்லாத அமில நீரில் தோலைப் போட்டால் அது ஊதிப் பெருத்துவிடும். நார்கள் விண்டு போய் அந்தத் தோல் பிறகு எதற்கும் ஆகாது. ஆகவே அளவில் சந்தேகம் வந்தால் உப்பைக் குறைக்காதீர்கள்.

அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். அளவு 2க்குப் பக்கத்தில், எப்படியும் 2.5க்குக் கீழே இருக்க வேண்டும். தோல் அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் மறுநாள் பார்த்தால் அளவு ஏறியிருக்கும், கொஞ்சம் அமிலம் சேர்த்து இறக்குங்கள். தினம் இரண்டு மூன்று முறை கிளறிவிடுங்கள், மடிப்புக்குள் அமிலம் போக வேண்டும்.

மூன்று நாள் கழித்து வெளியே எடுத்து வடியவிட்டு, தோலை மெலிதாக்கும் வேலை. ஊறலில் தோல் வெளுத்துப் பருத்திருக்கும், சீவ வாகாக இருக்கும். கழுத்து, முதுகு, முகம், பாதம் ஆகிய தடித்த இடங்களைக் கூரான கத்தியால் சிறிது சிறிதாகச் சீவுங்கள். தடிப்பாக விட்ட இடம் கடைசியில் பலகைபோல் நிற்கும். ஆனால் பேராசைப்பட்டு முடியின் வேர் தெரியுமளவு சீவினால் அந்த இடத்தில் முடி உதிரும். சீவி முடித்ததும் மறுபடி சோப்பு நீரில் கொழுப்பு நீக்கல். இப்போதுதான் நாருக்குள் ஒளிந்திருந்த கொழுப்பு வெளியே வரும். இந்தச் சோப்பு நீரிலும் உப்பு இருக்கட்டும். அப்புறம் திரும்ப ஊறலில் குறைந்தது ஒரு நாள். பெரிய கரடியானால் மொத்தம் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். சரியான அளவில் வைத்த ஊறலில் கூடுதலாக இரண்டு நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது.

அமிலத்தைத் தணித்தல்

வடியவிட்ட தோலைப் புது நீரில் போட்டு, லிட்டருக்கு 7 கிராம் சமையல் சோடா. 20 நிமிடம் கிளறி, அலசி எடுங்கள். பிஎச் 4 முதல் 5க்குள் வந்தால் சரி. அதிக நேரம் விட்டால் முடிக்கு ஆபத்து.

பதமேற்றுதல்

இதுவரை செய்ததெல்லாம் ஆயத்தம். இதற்குப் பல வழிகள் உண்டு. மரப்பட்டைகளில் உள்ள துவர்ப்பு, அதாவது அதிக நேரம் கொதித்த தேநீரில் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே அந்தச் சத்து, தோலை உறுதியாக்கும். ஆனால் ரோமத்தில் சாயம் ஏற்றிவிடும், மாதக்கணக்கும் ஆகும். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் விலங்கின் மூளையைத் தேய்த்துப் புகையூட்டிப் பதமாக்கினார்கள். மூளையில் உள்ள கொழுப்புப்பொருள் நாரை இளக்கும், புகையில் உள்ள ஆல்டிஹைடுகள் அதை நிலைக்கச் செய்யும். அருமையான முறை, ஆனால் கரடித் தோலில் கற்றுக்கொள்ள வேண்டிய முறை அல்ல. 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோம் முறைதான் இன்றைய தோல் தொழிற்சாலைகளின் அடிப்படை. கழிவு நீரை என்ன செய்வது என்ற கேள்வி இருப்பதால் வீட்டில் அதற்குள் போகாதீர்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, கடையில் கிடைக்கும் பூசும் பதக்கலவை. இளஞ்சூடாக்கிச் சதைப்பக்கத்தில் கையால் அழுத்தித் தேய்த்து, சதைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து ஓரிரவு விட்டால் போதும். குப்பியில் எழுதியிருக்கும் அளவையே பின்பற்றுங்கள்.

மற்றது படிகாரம். 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் நீரில் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 2 லிட்டர் நீரில் 110 கிராம் சலவைச் சோடாவும் 225 கிராம் உப்பும். இந்தச் சோடா நீரைப் படிகார நீரில் மிக மெதுவாக, கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் நுரைத்துப் பொங்கி வழியும். கரைசலில் கோதுமை மாவைச் சேர்த்துக் கூழாக்கி, பலகையில் விரித்து ஆணியடித்த தோலின் சதைப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்புக்குப் பூசி மூடி வையுங்கள். மறுநாள் வழித்துவிட்டுப் புதுப் பூச்சு. கரடிக்கு இப்படி மூன்று பூச்சு வேண்டும், கடைசிப் பூச்சு மூன்று நான்கு நாள் இருக்கட்டும்.

உள்ளே முழுக்க ஏறிவிட்டதா என்று பார்க்க, கழுத்தோரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஒரே வெண்மையாக இருந்தால் முடிந்தது. நடுவில் கண்ணாடிபோல் ஒரு கோடு ஓடினால் அது பச்சைத் தோல், இன்னும் நாள் வேண்டும். கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அது குரோம் தோலுக்கானது. படிகாரத் தோல் நன்றாகப் பதமாகியிருந்தாலும் கொதிநீரில் சுருங்கும். படிகாரம் நீரில் கரைந்து வெளியேறக்கூடியதும்கூட. ஆகவே இந்தத் தோலைப் பிற்காலத்தில் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கக் கூடாது.

எண்ணெயும் உழைப்பும்

பூச்சை வழித்து அலசி, நீர் சொட்டாத அளவுக்கு வடியவிடுங்கள். தோலுக்கென்றே விற்கும், நீரில் கலக்கக்கூடிய எண்ணெயை வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் சேர்த்துச் சதைப்பக்கத்தில் தேயுங்கள். கொழுப்பை எடுக்க இத்தனை பாடுபட்டுவிட்டுத் திரும்ப எண்ணெயா என்று கேட்கத் தோன்றும். வெளியே எடுத்தது கெட்டுப்போகிற கொழுப்பு. இப்போது போடுவது நாருக்கும் நாருக்கும் நடுவே நின்று அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற எண்ணெய். மடித்து ஓரிரவு.

அடுத்த இரண்டு நாட்களுக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தோலைத் தொங்கவிட்டு, அவ்வப்போது ஓரத்தை இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் வெள்ளையாக மாறினால் அதுதான் தருணம். பலகையின் மழுங்கிய விளிம்பிலோ நாற்காலி முதுகிலோ போட்டு, செருப்பைப் பளபளப்பாக்கத் துணியை முன்னும் பின்னும் இழுப்பதுபோல் இழுங்கள். ஓரம் முதலில் காயும், நடுப்பகுதி கடைசியில். ஒவ்வொரு பகுதியும் காயும் நேரத்தில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசையாமல் காய்ந்தால் பலகை. ஒரு பகுதி முந்திக் காய்ந்துவிட்டால் பதற வேண்டாம், ஈரத்துணி போட்டு இளக்கி மறுபடி ஆரம்பிக்கலாம். தோள்பட்டை கெஞ்சும். ஆள் துணை இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கலாம்.

தரைவிரிப்புக்கானால் இவ்வளவு மென்மை தேவையில்லை. பாதி இளகிய தோலை முடி கீழே இருக்கும்படி ஒட்டுப்பலகையில் விரித்து, நடுக்கோடு வரைந்து, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து ஆணியடித்துக் காயவிடுங்கள்.

ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கடினமரத்தூளைத் தூவித் தேய்த்து உதறுங்கள். பைன் போன்ற பிசின் மரங்களின் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரும்புச் சீப்பால் அடியிலிருந்து சீவினால் ரோமம் எழுந்து நிற்கும். சதைப்பக்கத்தை மணல்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். நகங்களைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய்.

வைத்திருக்கும் விதம்

நேர் வெயில் படாத, ஈரமில்லாத இடம். வெயிலில் கருப்பு ரோமம் செம்பட்டையாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் நெடுநாள் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை உதறிச் சீவிப் பாருங்கள்: அந்துப்பூச்சியும் தோல்வண்டும் முதலில் குடியேறுவது காது மடிப்பிலும் பாதத்தின் அடியிலும்தான். பூச்சியோ, உதிர்ந்த புழுக்கூடோ கண்ணில் பட்டால் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வைக்கலாம், பதனிட்ட தோலுக்கு அதனால் கெடுதல் இல்லை. வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் ரோமம் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்.